அடிவரிசைப் புள்ளிகள்

மச்சான் வந்தாலே நான் பின்கட்டுக்கு நழுவப் பார்ப்பேன். என் மனைவியின் அண்ணன். இத்தனை வருடத்தில் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை, அதுதான் கஷ்டமே.

அன்று தன் மகளோடு வந்தார். கையில் பழுப்பேறிய காகித உறை. அவர் பாடிய ஒரே இசைத்தட்டு. பதினோரு வருடமாக "ஊசி தேஞ்சிருக்கு", "பெல்ட் அறுந்துபோச்சு" என்று நான் போடாமலே தட்டிக்கழித்த தட்டு. அவரிடம் தட்டு போடும் இயந்திரம் இல்லை; என் இயந்திரத்தில் பெல்ட்டே கிடையாது, மோட்டார் நேராகவே சுழற்றும். பொய் சொல்பவனுக்கு அதெல்லாம் கணக்கா?

"மாப்பிள்ளை, இன்னைக்கு சாக்கு வேண்டாம். இவ பாட்டுப் பள்ளியில சேரணுங்கிறா. நாளைக்குப் பதில் சொல்லணும். நம்ம குடும்பக் குரல் என்ன லட்சணம்னு அவளே கேட்டுக்கட்டும்."

நான் வானொலி நிலையத்தில் தட்டு ஓட்டியவன். மச்சானின் தட்டு ஒலிபரப்புத் தேர்வுக்கு வந்ததற்கு முந்தின நாள், ஒரு நடன ஆசிரியைக்காக வேகத்தைக் குறைத்து அப்படியே விட்டிருந்தேன். அதற்கு இயந்திரத்தின் ஓரத்தில் மேலும் கீழும் தள்ளும் பிடி ஒன்று உண்டு. நடுவில் நின்றால் சரியான வேகம். சரிதானா என்று பார்க்க, சுழலும் வட்டின் விளிம்பில் நாலு வரிசைப் புள்ளிகள், பக்கத்தில் துடிக்கும் ஒரு குட்டி விளக்கு. வேகம் சரியென்றால் பெரிய புள்ளிகள் ஓடாமல் நிற்பதுபோல் தெரியும். மெதுவாக ஓடினால் அடிவரிசை நிற்கும்.

தேர்வு நாளன்று மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன். ஏதோ ஒரு வரிசை நின்றது. அது போதுமென்று ஊசியை இறக்கினேன்.

"குரல்ல உயிரே இல்ல, தூங்கி வழியுது" என்றார்கள் தேர்வுக்காரர்கள்.

மறுநாள் கண்ணாடியோடு பார்த்தேன். நின்றது அடிவரிசை. அப்போதே சொல்லியிருக்கலாம், மறுபடி கேட்டிருப்பார்கள். என் வேலைக்குப் பயந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் மறுபடி முயன்றால் குட்டு உடையுமே என்று, "நீ சொன்னா உங்க அண்ணன் கேட்பார், பாட்டை விடச் சொல்லு" என்று மனைவியைத் தூது அனுப்பினேன். அவர் கேட்டார், விட்டார்.

நிலையத்தில் அந்த இயந்திரத்தைக் கழித்துப் போட்டபோது நானே வாங்கி வந்தேன். வேறு யார் கையிலும் அது இருப்பதில் எனக்கு நிம்மதியில்லை.

இப்போது தட்டை வைத்தேன். கை தானாகப் போனது என்று சொல்ல மாட்டேன். நான்தான் பிடியைத் தள்ளினேன், தெரிந்தே, அடிவரிசை நிற்கும் இடத்துக்கு.

பாட்டு சோம்பலாக வந்தது. மச்சான் இரண்டு வரி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க. இழுக்குதுல்ல? பார்த்தியாம்மா, நம்ம ரத்தத்துலயே இது இல்ல. பேசாம வேற ஏதாவது படி."

அந்தப் பெண் சரியென்று தலையை ஆட்டினாள். ஒருவரைக் கெடுத்தது போதாதென்று இவளையுமா? எனக்கே என் மேல் அருவருப்பு வந்தது.

பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். பெரிய புள்ளிகள் நின்றன. குரல் நிமிர்ந்தது. தாளம் துள்ளிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"இதான் உங்க குரல், மச்சான். அன்னைக்கு நான்தான் மெதுவா ஓட விட்டேன். இப்பவும் நான்தான்."

"எப்பத் தெரியும்?"

"மறுநாளே."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் மகளிடம் மட்டும் சொன்னார்:

"நாளைக்குப் போய்ச் சேர்ந்துடு."

பிறகு நாற்காலியை இயந்திரத்தின் பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தன் குரலைக் கேட்டார்.

கதவருகில் என் மனைவி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"'உனக்குப் பாட்டு வராதுண்ணே, விட்டுடு'ன்னு நான் என் வாயால சொன்னேங்க," என்றாள். "அன்னைக்கு அண்ணன் எனக்குச் சமாதானம் சொல்லி, கண்ணத் துடைச்சிவிட்டு அனுப்பினாரு."