வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளையில் ஹேமாவதி சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "எல்லாரும் வரிசையா நில்லுங்க, புத்தக ரூமுக்குப் போறோம்" என்றாள். இரண்டாம் வகுப்பின் பத்தொன்பது பிள்ளைகளில் ஒருவர்கூட அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசைச் சுருளிராஜன் மெல்ல எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டான்.

"டீச்சர், நாங்க என்ன தப்புப் பண்ணுனோம்?"

அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. கண் தானாகவே மூன்றாம் வரிசைக்குப் போனது. அங்கே மாரீஸ்வரி தலையைக் குனிந்து, பென்சில் முனையை நோட்டில் அழுத்திக்கொண்டிருந்தாள். முனை உடைந்த பிறகும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

வாரம் ஒரு பாடவேளை நூலகத்துக்கு என்று உத்தரவு வந்திருந்தது. சின்னப் பிள்ளைகளைப் புத்தகங்களுக்கு நடுவே விட வேண்டும், அவர்களே எடுத்துப் புரட்டிப் பார்த்து எடுத்த இடத்தில் வைக்கப் பழக வேண்டும். வியாழக்கிழமை அதைப் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார். "புள்ளைக தானா எடுத்துப் படிக்கணும்மா, போட்டோ வேற ஏத்தணுமாம்" என்று தலைமையாசிரியர் ஞானசிகாமணி மூன்று முறை சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஹேமாவதியும் சத்துணவு சமைக்கும் பொன்னாத்தாளும் அந்த அறையைக் கூட்டிக் கழுவினார்கள். பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் குறுக்கே கயிறு கட்டி, படப் புத்தகங்களைத் துணி கிளிப்பில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். ஜன்னலை மறைத்து நின்ற இரும்பு பீரோவை மட்டும் இரண்டு பேராலும் நகர்த்த முடியவில்லை. கதவைச் சாத்தினால் அறை இருட்டு. விளக்கின் சுவிட்ச் வெளியே, தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வராந்தாவில் நடந்தார்கள். மருத்துவமனைக்கு ஊசி போடப் போகிறவர்களைப் போல இருந்தது அந்த வரிசை. அறை வாசலில் இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள். சமையல்கட்டு மூலையோடு மாரீஸ்வரி நின்றுவிட்டாள். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஹேமாவதி அருகில் போய்த் தோளைத் தொட்டதும் குழந்தையின் பாவாடை நனைந்து, கால் வழியாகத் தரையில் வழிந்தது. சத்தம் இல்லை, அழுகையும் இல்லை. பொன்னாத்தாள் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவிவிட்டாள். திரும்பும்போது ஹேமாவதியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனாள்.

எட்டு மாதங்களுக்கு முன், பிப்ரவரியில், மாரீஸ்வரி பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடித்து வைத்தாள். பல் பதிந்து ரத்தம் கசிந்தது. அன்று ஞானசிகாமணி விடுப்பு, ஐந்து வகுப்புக்கும் ஹேமாவதி ஒருத்தி. "அஞ்சு நிமிசம் உள்ள இரு, அப்பத்தான் அறிவு வரும்" என்று குழந்தையைப் புத்தக அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாளைப் போட்டாள். அந்த நேரத்தில்தான் அலுவலகத்திலிருந்து போன் வந்தது, பிள்ளைகளின் ஆதார் விவரத்தை மதியத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று. செல்போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு சாப்பாட்டு மணி. பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்த பின் ஒரு தட்டு மட்டும் மிச்சமாக இருந்ததைக் கண்டபோதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஒன்றே கால் மணி நேரம்.

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் குழந்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகங்களுக்குள் சுண்ணாம்பு ஏறியிருந்தது. ஹேமாவதி அவள் முகத்தைத் துடைத்தாள், கைப்பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள். பிறகு அந்த வார்த்தையையும் சொன்னாள். "வீட்ல சொல்லாத, என்ன? சொன்னா ஒங்கம்மா ஒன்னயத்தான் அடிக்கும்."

குழந்தை சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த அறை என்னவென்று தெரிந்துபோயிற்று.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாரீஸ்வரியின் அம்மா ராஜாத்தி பள்ளிக்கு வந்தாள். மலைக்கு மேல் ஏலக்காய்த் தோட்டத்து வேலை முடிந்து, ஜீப்பிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண் சட்டையில் மண் காயவில்லை. ஸ்கூட்டரைக் கிளப்பப் போன ஹேமாவதிக்கு அவளைக் கண்டதும் சாவி கையிலிருந்து நழுவியது. ராஜாத்தியே குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"நேத்து புள்ள பாவாடையிலயே போயிட்டாளாம்ல டீச்சர். பொன்னாத்தா அக்கா சொன்னாக."

"ஆமா... சின்னப் புள்ளதான..."

"வீட்லயும் இப்பிடித்தான் டீச்சர். கதவச் சாத்துனா கத்துறா. அவுக அப்பா திருப்பூர்ல கெடக்காரு. நான் ராத்திரி பூராம் கதவத் தொறந்து போட்டுட்டு வாசல்ல அருவாள வச்சுக்கிட்டு முழிச்சுக் கெடக்கேன். காலைல அஞ்சு மணிக்கு ஜீப்பு வந்துரும். கோயில்ல கயிறு கட்டியாச்சு, தர்காவுல ஓதியும் பாத்தாச்சு. நீங்க படிச்சவுக. ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுதா?"

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வாய் திறந்ததும், இந்தப் பெண் அங்கனயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வதும், ஊர் கூடுவதும், யாரோ செல்போனைத் தூக்கிப் பிடிப்பதும் கண்ணில் ஓடின. "தெரியலயேம்மா, பேசிப் பாக்குறேன்" என்றாள் ஹேமாவதி. ராஜாத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். உத்தமபாளையத்து வீடு வரை ஸ்கூட்டரில் போகும்போது அந்தக் கும்பிடு பின்னால் உட்கார்ந்து வருவதுபோல இருந்தது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஹேமாவதி வராந்தாவில் மாரீஸ்வரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குழந்தை முட்டையின் வெள்ளையை முதலில் தின்று, மஞ்சளைத் தட்டில் ஓரமாக வைத்திருந்தாள்.

"நாளைக்கு ஒரு சார் வாராக மாரி. நீ அந்த ரூமுக்குள்ள வர வேணாம். வெளியவே இருந்துக்க. சரியா?"

அதை இரக்கத்தில்தான் சொன்னதாக நினைத்தாள். சொல்லி முடித்ததும், குழந்தையை அதிகாரியின் கண்ணில் படாமல் வைக்கத்தான் சொன்னோம் என்பது புரிந்தது. மாரீஸ்வரி மஞ்சளை விரலால் அமுக்கி உடைத்தாள்.

"நீங்க உள்ள போவீங்களா?"

"போவேனே."

"தனியா?"

"ம்."

"கதவச் சாத்துனா?"

குழந்தை தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். சமையல்கட்டு மூலை வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். ஹேமாவதி எழுந்து, அவளைக் கடந்து நடந்து, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு அறைக்குள் போனாள். கயிற்றில் தொங்கிய புத்தகங்கள் காற்றுக்கு லேசாக ஆடின. பின்னால் கதவு மெதுவாக வந்து சேர்ந்தது. தாழ்ப்பாள் துருவில் உரசிக்கொண்டு போய் விழுந்தது. அடுத்து சுவிட்ச் சத்தம். விளக்கு அணைந்தது.

"அன்னைக்கு லைட்டு இல்ல" என்றது வெளியிலிருந்து குரல்.

இது ஒரு சின்னப் பிள்ளையின் விளையாட்டு, கூப்பிட்டால் பொன்னாத்தாள் வந்து திறப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செல்போன் வகுப்பில் மேசைமேல் இருந்தது. சிறிது நேரத்தில் பழைய தாளின் வாடை மூக்கை அடைத்தது. பீரோவுக்குப் பின்னால் என்னவோ சரசரத்தது. எலியாக இருக்கும். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். கதவைத் தடவிப் பார்த்தாள், உள்பக்கம் பிடிப்பதற்கு ஒன்றுமே இல்லை. கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை.

"டீச்சர், அழுறீங்களா?"

"இல்ல."

"நான் அழுதேன். நெறையா நேரம் அழுதேன். அப்புறம் ஒங்களுக்குக் கேட்டா அடிப்பீங்கன்னு அழல."

ஹேமாவதி நெற்றியைக் கதவில் வைத்தாள். மரம் சூடாக இருந்தது, மறுபக்கம் வெயில்.

"அது என் தப்பு மாரி. நீ ஒண்ணும் பண்ணல. நாந்தான் மறந்துட்டேன். அதுக்கப்புறம் ஒன்னயப் பயம் காட்டுனதும் நாந்தான்."

வெளியே சத்தமே இல்லை. போய்விட்டாளோ என்று ஹேமாவதிக்குத் தோன்றியது. "மாரி!" என்றாள். அந்தக் கூப்பிடல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"இங்கனதான் இருக்கேன்." பிறகு, மிகவும் மெதுவாக, "இப்ப அம்மாட்ட சொல்லலாமா டீச்சர்?"

அந்தக் கேள்விக்குத்தான் எட்டு மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள். வந்த பிறகும் பயம் குறையவில்லை. ராஜாத்தியின் கும்பிட்ட கைகள், அதிகாரி, ஞானசிகாமணி, உத்தமபாளையத்தில் மாமனார் மாமியார் முகங்கள் எல்லாம் அந்த இருட்டில் நெருக்கிக்கொண்டு நின்றன.

"சொல்லு" என்றாள். "சாயங்காலம் ஜீப்பு வரும்ல. நானும் ஒங்கூட வாரேன். நானே சொல்றேன்."

"அடிச்சா?"

"அடிச்சா வாங்கிக்கிறேன்."

குழந்தை அதை யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு துருப்பிடித்த இரும்பு இழுபட்டது. பாதியில் சிக்கியது, மறுபடி இழுபட்டது. கதவு ஒரு சாண் அகலம் திறந்தது. வெயில் அறைக்குள் கோடாக விழுந்ததும் ஹேமாவதி கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். எழுந்திருக்காமல் அப்படியே தரையில் இருந்தாள். மாரீஸ்வரி உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றபடி கயிற்றில் தொங்கியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அந்த யான எடுத்துத் தாங்க."

ஹேமாவதி எட்டிக் கிளிப்பைக் கழற்றி, தரையோடு நீட்டினாள். மாரீஸ்வரி அதை வாங்கிப் படிக்கட்டில், அறைக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, மடியில் விரித்தாள். முட்டை மஞ்சள் ஒட்டிய விரலால் யானையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள், பக்கத்தைத் திருப்பினாள். கண் புத்தகத்தில் இருந்தது. ஒரு கால் மட்டும் அறைப்பக்கம் நீண்டு, கதவு சாத்திக்கொள்ளாதபடி அதன் அடியில் அழுந்த ஊன்றியிருந்தது.