எல்லைக்கு மேற்கே ஒரு கட்டில்

மெர்ல் ஹாஸ்காம்ப் ஆசை ஆசையாக மகளுக்கு ஓர் அறை கட்டினான். அதுதான் வினையாகப் போயிற்று.

அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் அந்தப் புல்மேட்டுப் பக்கம் பள்ளி மாவட்டம் என்பது தலைநகரில் எங்கோ உட்கார்ந்திருக்கும் இலாகா இல்லை. பண்ணைக்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஓட்டுப் போட்டு நாலைந்து பேரைக் குழுவாக உட்கார வைப்பார்கள். நிலத்துக்கு வரி போடுவது, டீச்சரை வேலைக்கு எடுப்பது, பஸ் விடுவது, பனி கொட்டினால் லீவு விடலாமா வேண்டாமா என்று மல்லுக்கு நிற்பது, எல்லாம் அவர்கள் பாடு. பிளம் ஹாலோ மாவட்டத்துக்கு இருந்ததே ஒரே ஒரு பள்ளிக்கூடம். அதன் குழுவுக்கு மெர்ல் தலைவன். இன்னும் ஒரு பிள்ளை குறைந்தாலும் மேற்கே இருக்கிற கார்ல்டன் மாவட்டத்தோடு சேர்த்துவிடுவோம் என்று மாநிலத்திலிருந்து ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. சேர்த்தால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுத்தான்.

புது அறைக்கு வரி போட அளக்க வந்தவர், நாடாவைச் சுருட்டிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்: "பழைய வீடு பிளம் ஹாலோ. இந்த ரூம் கார்ல்டன். எல்லைக்கோடு உங்க மேற்குச் சுவரை ஒட்டித்தான் போகுது. கட்டில் இங்க இருக்கே, யாரு தூங்குறா?"

பிள்ளை எங்கே தூங்குகிறதோ அந்த மாவட்டத்துப் பிள்ளை. அதுதான் சட்டம். மாவட்டத்தின் எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதன், தன் வீட்டுக் கொல்லையில் அது ஓடுவதை மறந்து தொலைத்திருந்தான்.

சனிக்கிழமை மதியம் லைல் பாட்ஸ் பிக்கப் வண்டியில் ஆள் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டான். அடுத்த பண்ணைக்காரன், மெர்லோடு ஒன்றாகப் படித்தவன். அவனுடைய கடைக்குட்டி பென்னி அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தான்.

"டேய் மெர்ல், பெத்த பொண்ணையே நாடு கடத்திட்டியேடா! தலைவராம் தலைவர்!"

"வாயை மூடிட்டு ஒரு பக்கம் பிடிடா."

அடுப்படியில் மெர்லின் மனைவி ஜானிஸ் பீன்ஸும் இறைச்சியும் போட்ட சில்லிக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டில் போடுவது போலவே கூடச் சினமன் ரோலும், அதாவது பட்டைப்பொடி தூவிய இனிப்பு ரொட்டியும், சுட்டு வைத்திருந்தாள். கட்டிலைப் பழைய அறைக்கு மாற்றுவது என்ன பெரிய வேலை? கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார வேண்டியதுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கட்டில் மேல் கொரின் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது. அப்பனின் தாடை, அப்பனின் பிடிவாதம்.

"எறங்கு கண்ணு," என்றான் லைல். "மாமாவுக்குப் பசிக்குது."

"மாட்டேன்."

"சரி, கட்டில் மட்டும் அங்க இருக்கட்டும். நீ இங்கயே தூங்கு. எவன் வந்து பாக்கப் போறான்?"

மெர்லுக்கும் அந்த யோசனை வராமல் இல்லை. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தான்.

"எனக்கு ரூம் பத்திக் கவலையில்ல மாமா. நான் கார்ல்டன் போறேன்."

மெர்லுக்கு முகம் குப்பென்று சிவந்தது. "ஏம்மா? டீச்சர் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"டீச்சர் தங்கம்ப்பா." அவள் போர்வையின் நூலை இழுத்துக்கொண்டே பேசினாள். "என் வகுப்புல நான் ஒருத்திதான். கேள்வி கேக்குறதும் நான்தான், பதில் சொல்றதும் நான்தான். வருஷா வருஷம் மொத ராங்க் எனக்கு. கடைசி ராங்க்கும் எனக்கு. நீங்க ஒவ்வொரு தடவையும் கை தட்டுறீங்க. எனக்கு எங்கயாச்சும் ஓடிடலாம்னு இருக்கும்ப்பா."

அந்தக் கைதட்டலை மெர்ல் நினைத்துப் பார்த்தான். பரிசளிப்பு மேடையில் நின்றபடி, எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டியவன் அவன்தான்.

கட்டிலின் ஒரு முனையை அவன் ஏற்கெனவே தூக்கியிருந்தான். மெல்ல இறக்கி வைத்தான்.

"மெர்ல்," என்றான் லைல். குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது. "என் பென்னிக்கு ஆறு வயசுடா. கார்ல்டனுக்கு பஸ்ல ஒரு மணி நேரம்."

"தெரியும்டா."

"பள்ளிக்கூடம் போயிரும்டா."

"அதுவும் தெரியும். இவளைக் கட்டிலோட தூக்கிட்டுப் போய்த்தான் அதைக் காப்பாத்தணும்னா, எனக்கு வேணாம். திங்கக்கிழமை உள்ளதை உள்ளபடி மாநிலத்துக்குச் சொல்லிடப் போறேன். நீ என்னைத் திட்டணும்னா திட்டு."

லைல் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியே புல்மேட்டைப் பார்த்தபடி நின்றான்.

"பென்னி பஸ்ல என் பக்கத்துல உக்காரட்டும் மாமா," என்றாள் கொரின். "போகையிலயும் வரையிலயும்."

"அவன் வாந்தி எடுப்பான்."

"பரவால்ல."

லைலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் கலங்கியிருந்தது. சில்லி ஆறுகிறது என்று ஜானிஸ் குரல் கொடுக்க, கூட வந்தவர்கள் சத்தமில்லாமல் அடுப்படிப் பக்கம் நகர்ந்தார்கள். லைலும் பின்னால் போனான்.

மெர்ல் மட்டும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கார்ல்டன்ல ஒரு வகுப்புக்கு இருபது பேருக்கு மேல இருப்பாங்க," என்றான். "அங்கெல்லாம் உனக்கு மொத ராங்க் வராதும்மா."

கொரின் நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"நிஜமாவாப்பா? எனக்கு முன்னால யாராச்சும் வருவாங்களா?"