குழாயடியில் அப்பா

மகள் குனிந்து அப்பாவின் பேண்ட்டைச் சுருட்டி மேலே ஏற்றினாள். கெண்டைக்காலில் பல் பதிந்த இடத்தில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

"எப்பப்பா கடிச்சுது?"

"இப்பதான். எதிர்வீட்டு நாய். வந்தவங்களுக்குப் பால் வாங்கப் போனப்ப." அப்பா வேறெங்கோ பார்த்தார். "இன்னிக்கு இதெல்லாம் வேண்டாம்மா. அவளை அனுப்பிட்டுப் பாத்துக்கலாம்."

உள்ளறையில் சித்தியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான். சாத்திய கதவுக்குப் பின்னால் தண்ணீர் விழுவது, எங்கேயோ மழை பெய்வதுபோல மகளுக்குக் கேட்டது.

அப்பாவின் கையைப் பிடித்துக் கொல்லைக் குழாயடிக்கு அழைத்துப்போய்த் துவைக்கிற கல்லில் உட்கார வைத்தாள். குழாயைத் திறந்துவிட்டுக் காயத்தில் சோப்பு போட ஆரம்பித்தாள். அப்பா குழந்தைபோலக் காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். எது எங்கே விழுகிறதென்று கொஞ்ச நேரம் அவளுக்கே தெரியவில்லை.

தெருவே அம்மாவை ஊசியக்கா என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரி வேலையெல்லாம் இல்லை. வருஷாவருஷம் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும்போது வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டுவாள். கடிபட்டால் மஞ்சள் அப்பாதே, சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவு, அன்றைக்கே ஊசிக்குப் போ என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பாட்டாகவே பாட வைத்திருந்தாள்.

எதிர்வீட்டு டெய்லர் பின்வாசலில் வந்து நின்றார். முகாம் அன்றைக்கெல்லாம் தன் நாயை மாடியில் பூட்டிவிட்டு, "நாயா? அது ஓடிப்போச்சுக்கா" என்று அது குரைக்கக் குரைக்கவே சாதித்தவர்.

"வீட்ல வளர்ற நாய்தானேம்மா. கூட்டத்தைப் பாத்து மிரண்டுடுச்சு. ஒண்ணும் ஆகாது."

"ஊசி போட்டிருக்கா மாமா?"

மகள் பதிலுக்குக் காத்திருக்காமல் மறுபடி சோப்பைத் தேய்த்தாள்.

சித்தி ஈரக்கையோடு வந்தாள். "எல்லாரும் வந்தாச்சு. இப்ப எங்கடி கிளம்பறீங்க? அப்புறம் போனா குடியா முழுகிடும்?"

"காத்திருக்கச் சொல்லுங்க சித்தி. போனா அம்மா கோச்சுக்க மாட்டா. போகலேன்னாதான் கோச்சுக்குவா."

சித்தி குனிந்தாள். முந்தானையால் அப்பாவின் காலைத் துடைக்கப் போனவள், காயத்தைத் தொடாமல் சுற்றிலும் மட்டும் ஒற்றியெடுத்தாள்.

ஆட்டோவில் ஏறும்போது டெய்லர் ஓடிவந்தார். "அதைக் கட்டிப் போட்டுட்டேன். பத்து நாள் கண்ணு வைக்கணும்னு அக்கா சொல்லுவாங்க. கீழே அவங்க சொல்றது, மாடியில நின்னா எனக்கும் கேட்கும்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அப்பாவின் கையில் ஒரு ஊசி போட்டாள். காயத்தைச் சுற்றிப் போட்ட இன்னொன்றுதான் வலித்திருக்க வேண்டும். அப்பா அசையவில்லை.

"பரவாயில்லையே, நல்லா கழுவியிருக்கீங்களே. யாரு சொல்லிக் குடுத்தது?"

"வீட்ல சொல்லுவாங்க."

"கெட்டிக்காரங்க. அடுத்த ஊசியை மறந்துடாதீங்க. அவங்களையே ஞாபகப்படுத்தச் சொல்லுங்க."

"சரி," என்றார் அப்பா.

திரும்பும் வழியெல்லாம் காற்று அடித்தது. கடைகள், ஒரு பள்ளிக்கூட மதில், பூத்துக் கொட்டிய மரம் என்று எல்லாம் ஓசையில்லாமல் பின்னால் போயின. நேற்றிலிருந்து கண் மூடாத அப்பாவின் தலை மெல்லச் சாய்ந்து மகளின் தோளில் நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

தெருமுனை வந்தது. வாசலில் போட்டிருந்த நாற்காலிகளும், நின்றுகொண்டிருந்தவர்களும் தெரிந்தார்கள். யாரோ ஆட்டோவைப் பார்த்துவிட்டு உள்ளே சொல்லப் போனார்கள்.

"அண்ணே," என்றாள் மகள் தாழ்ந்த குரலில். "திரும்பாதீங்க. இன்னொரு சுத்து போயிட்டு வாங்க."

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். வேகத்தைக் குறைத்து, நேரே போனார்.