அமெரிக்காவுக்குப் புள்ளி போட்டவர்

சண்முகநாதன் ஒரு முடிவு எடுப்பதென்றால் கோடு கீறித்தான் எடுப்பார். இருபத்தாறு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர். உடைந்தது, கருகியது, நல்லது என்று பிரித்துப் பிரித்து அந்தப் பழக்கம் எலும்பில் ஏறிவிட்டது. ஆகவே அமெரிக்காவில் எந்த மாநிலத்தில் போய்க் குடியிருப்பது என்ற கேள்வி வந்ததும், கோயில் கலண்டரின் பழைய தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அடிமட்டம் வைத்து மூன்று நிரல் கீறினார். ரெக்சாஸ், நியூ ஜேர்சி, வாஷிங்ரன்.

ஐம்பது மாநிலம் இருக்க ஏன் மூன்று என்று கேட்பீர்கள். அந்த மூன்றில்தான் அவருடைய பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவன் கீதன் ரெக்சாஸில். நடுவில் நிலாணி, நியூ ஜேர்சியில். கடைக்குட்டி மிதுனன் சியாட்டில் பக்கம். வெள்ளை மாளிகை இருக்கிற வாஷிங்ரன் இல்லை, மற்றது. படிக்க வைத்தது கனடா, அள்ளிக்கொண்டு போனது அமெரிக்கா. மனைவி மங்கையற்கரசி கண்ணை மூடி இரண்டு வருடம். ரொறொன்ரோவில், மல்வேர்ன் பக்கம், பதினோராம் மாடியில், இரண்டு அறை வீட்டில், மனிதர் தனியே.

இந்த யோசனை வந்ததே மாசிமாதக் காய்ச்சலில்தான். மூன்று நாள் படுக்கையில் கிடந்தார். நாலாம் நாள் மருந்துக்கடைக்குப் போய், என்ன வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. நோயால் இல்லை. மூன்று நாளாக ஒருவரோடும் ஒரு சொல்லும் பேசாத தொண்டை அது. இரண்டு தரம் செருமிவிட்டுத்தான் மருந்தின் பெயரையே சொல்ல முடிந்தது. அன்றைக்குப் பயந்துபோனார். இனித் தனியே இருக்கக்கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்தார்.

ரெக்சாஸுக்கு வெயிலுக்காகப் பத்துக்கு ஒன்பது போட்டார். வீடு பெரிது, கீழேயே ஒரு அறை சும்மா கிடக்கிறது, பனி வழிக்கிற வேலை இல்லை. ஆனால் நடக்க நடைபாதை இல்லை, ஏற பஸ் இல்லை. கண்ணில் நீரழுத்தம் வந்த பிறகு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த மனிதர் அங்கே போனால், கூட்டில் அடைத்த கோழிதான். அதற்கு இரண்டு.

வாஷிங்ரனில் குளிரும் இல்லை, வெக்கையும் இல்லை. மழை மட்டும் மாதக்கணக்காகத் தூறும். மகனும் மருமகளும் வீட்டிலிருந்தே வேலை. ஆளுக்கொரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கணினியோடு கதைப்பார்கள். அதற்கு என்ன புள்ளி போடுவதென்று தெரியாமல் ஐந்து போட்டார்.

நியூ ஜேர்சியில் கோயில் கிட்ட, தமிழ்க்கடை கிட்ட, ரயில் கூட உண்டு. முருங்கைக்காய் கிடைக்கும். ரொறொன்ரோவுக்கு பஸ்ஸில் ஒரு இரவுப் பயணம்தான். வீடு ஒடுக்கம், அது ஒரு குறை. இருந்தாலும் பேத்தி சஜிதாவுக்கு ஆறு வயது. அவளுக்கென்று தனியாக ஒரு கோடு கீறிப் பத்துக்குப் பத்து போட்டார். கூட்டிப் பார்த்தால் நியூ ஜேர்சிதான் முதல். கள்ளக்கணக்கு என்று சொல்லலாம், சொல்லட்டும்.

ஆறு மாதத்துக்கு மேல் அங்கே தங்குவதென்றால் பிள்ளைகள்தான் விண்ணப்பம் போடவேண்டும். ‘பிள்ளை விண்ணப்பம் போடும்’ என்று எழுதி, மூன்று நிரலிலும் ஒருவரையும் கேட்காமலே சரி போட்டுவிட்டார்.

வாய் சும்மா இருந்ததா? இல்லை. கோயிலில் சொன்னார், பஸ்ஸில் சொன்னார். கோயிலில் பழக்கமான, ஒரு வீட்டின் நிலத்தடிப் பேஸ்மெண்டில் குடியிருக்கும் புதுமணத் தம்பதி அபிஷனுக்கும் கௌசிக்கும், “நான் அமெரிக்கா போறன், என்ரை இடத்தை நீங்கள் எடுங்கோ, பில்டிங் ஒஃபிசிலை நான் சொல்லிவிடுறன்” என்று வாக்கே கொடுத்துவிட்டார். சனிக்கிழமை வந்து அளவெடுக்கச் சொல்லியும் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை, மோல் கோப்பிக்கடையில் வழக்கமான மேசையில், கூட்டாளி தங்கத்துரையிடம் தாளை விரித்தார். தங்கத்துரை மட்டக்களப்புக்காரர், அதிகம் பேசமாட்டார். கோப்பியைக் குடித்து முடிக்கும்வரை மூன்று நிரலையும் பொறுமையாக வாசித்தார்.

“அண்ணன், ஒண்டு கேக்கிறன், கோவிக்காதீங்க. பிள்ளையள் உங்களை வந்து இருங்க எண்டு கூப்பிட்டவங்களா, வந்து நில்லுங்க எண்டு கூப்பிட்டவங்களா?”

“ரெண்டும் ஒண்டுதானே” என்றார் சண்முகநாதன்.

“ஒண்டா?” என்று கேட்டார் தங்கத்துரை.

சண்முகநாதனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “உது என்ன கேள்வி? இங்கை வளந்த பிள்ளையள். அதுகளின்ரை தமிழ் அவ்வளவுதான்” என்று தாளை மடித்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது கோபம் இறங்கியது, கேள்வி இறங்கவில்லை. எங்கள் பேச்சில் நிற்பது வேறு, இருப்பது வேறு. விருந்தாளி நிற்பார், வீட்டுக்காரர் இருப்பார். பிள்ளைகளுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். கீதனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, மொன்றியலில் இருந்து வந்திருந்த மாமாவிடம், “நீங்கள் இங்கையோ இருக்கப்போறியள்?” என்று கேட்டுவிட்டான். மனிதர் அன்றைக்கே பெட்டியைத் தூக்கப் பார்த்தார். “வந்த ஆக்களை எத்தினை நாள் நிப்பியள் எண்டுதான் கேக்கவேணும். இருக்கிறது நாங்கள்” என்று மூன்று பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் சண்முகநாதனேதான். இப்போது ஒவ்வொரு தொலைபேசியையும் நினைத்துப் பார்த்தார். அப்பா, வந்து நில்லுங்கோவன். சமர் லீவுக்கு வந்து நில்லுங்கோ. இரண்டு வருடத்தில் ஒருவர் வாயிலாவது மற்றச் சொல் வந்ததா? வரவில்லை. பாடத்தை அவ்வளவு ஒழுங்காகப் படித்திருந்தார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அபிஷனும் கௌசியும் அளவுநாடாவோடு வந்துவிட்டார்கள். கௌசி ஹோலைப் பார்த்ததும், “எவ்வளவு வெளிச்சம், என்னப்பா” என்று புருசனின் கையைப் பிடித்தாள். பேஸ்மெண்டில் இருக்கிற பிள்ளைக்கு ஜன்னல்தான் பெரிய சொத்து. அவர்கள் சோபாவுக்கு இடம் அளக்கும்போது சண்முகநாதன் தொலைபேசியோடு குசினிக்குள் போனார். இனி ஒத்திப்போட வழியில்லை. புள்ளி கூட எடுத்த மாநிலத்தைக் கூப்பிட்டார்.

“சொல்லுங்கோ அப்பா.” நிலாணி காரில் இருந்தாள். “சஜிதாவை சுவிமிங்குக்குக் கூட்டிக்கொண்டு போறன்.”

“பிள்ளை, நான் அங்கை வருவம் எண்டு யோசிக்கிறன்.”

“வாங்கோ அப்பா. எத்தினை தரம் கேட்டனான். எவ்வளவு நாள் நிப்பியள்?”

அவர் ஹோல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். வெட்கமாக இருந்தது. சொந்த மகளிடம் பிச்சை கேட்பதுபோல் நாக்கு கூசியது. ஆனாலும் கேட்டார்.

“நிக்க இல்லை பிள்ளை. வந்து இருக்கட்டோ எண்டு கேக்கிறன்.”

காரின் சிக்னல் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“அப்பா, you mean, move பண்ணுறதோ? இல்லை… நான் அவரோடை கதைக்கவேணும். ஐப்பசியிலை மாமி வாறா, அவவுக்கே ரூம்… அண்ணாட்டைக் கேட்டனீங்களோ? அவன்ரை வீடு பெரிசு. நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை அப்பா. ப்ளீஸ், அப்பிடி நினைக்காதேங்கோ.” குரல் உடைந்து, அழப்போகிற பிள்ளையின் குரலாக வந்தது.

சின்ன வயதில் இந்தக் குரல் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார். இன்றைக்கும் ஓடினார். “சீச்சீ, சும்மா கேட்டனான். மோலிலை இருந்து கதைக்கேக்கை வந்த கதை. நான் ஒரு கிழமை வந்து நிண்டுட்டுப் போறன்.”

“உண்மையாவோ?” ஒரு நொடியில் அவள் குரல் எவ்வளவு லேசாகிவிட்டது. “ஒரு கிழமை என்னத்துக்கு அப்பா? ரெண்டு கிழமை நில்லுங்கோ.”

“ஓம் பிள்ளை. நிக்கிறன்.”

மற்ற இரண்டு மாநிலத்தையும் அவர் கூப்பிடவில்லை. மகள் தடுமாறிச் சொன்னதை மகன்மாரும் சொல்லிக் கேட்க அவருக்கு நெஞ்சு இல்லை. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினார். அழுகை வந்தது. வந்ததைத் தண்ணீரோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“அங்கிள், சோபா சரியாக் கொள்ளுது” என்றான் அபிஷன். “எந்தத் திகதி நீங்கள் வெளிக்கிடுவியள்?”

“தம்பி, பிள்ளை, ரெண்டு பேரும் என்னை மன்னிக்கவேணும். நான் போகேல்லை. இங்கைதான் இருக்கப்போறன்.”

அளவுநாடா அவன் கையில் சுருண்டுகொண்டது. கௌசி ஜன்னலை ஒருதரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள்.

“அப்ப அமெரிக்கா, அங்கிள்?”

“அங்கை நிக்கத்தான் போவன் பிள்ளை.”

அபிஷன் நல்ல பிள்ளை. “பரவாயில்லை அங்கிள், வேறை இடம் பாக்கலாம்” என்று சப்பாத்தைத் தேடினான். அவர்கள் வாசலுக்குப் போவதைக் கண்டதும் சண்முகநாதனுக்குத் திடீரென்று பதற்றம் பிடித்தது.

“இருங்கோவன் பிள்ளையள். தேத்தண்ணி போடுறன். குடிச்சிட்டுப் போங்கோ.”

“இல்லை அங்கிள்” என்றாள் கௌசி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. “நாலு மணிக்கு வோபர்னிலை இன்னொரு வீடு பாக்கவேணும். நிக்க நேரமில்லை.”

“ஓம், ஓம். அதுவும் சரிதான்” என்று அவர் கதவைத் திறந்துவிட்டார். “போட்டு வாங்கோ.”