அடையாளம் போடாத பந்து

அந்த கோல்ஃப் கிளப்பில் கடைசிக் குழிக்குப் போக ஏரியைத் தாண்டி அடிக்க வேண்டும். இந்தக் கரையில் நின்று அடித்தால், பந்து தண்ணீருக்கு மேலே பறந்து எதிர்க்கரைப் புல்லில் இறங்க வேண்டும். பல் டாக்டரின் பந்து மட்டும் ஒருநாளும் அப்படி இறங்கியதில்லை. கல்யாணமான புதிதிலிருந்து அடிக்கிறார். ஒன்று விடாமல் ஏரி வாங்கி வைத்துக்கொண்டது. ஊரார் வாயில் ஊசிமுனை ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கைக்கு இவ்வளவு பெரிய கரை அகப்படவில்லையா என்று மனைவி சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது.

இன்றைக்குச் சுத்தமாக வராது. கிளப்பின் வருடாந்தர ஜோடிப் போட்டிக்கு மாமனார் தன் இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவரைத்தான் சேர்த்துக்கொள்ள முடியும். வருடா வருடம் போவது சகலைதான். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன், எதைக் கேட்டாலும் ஒரு விதி சொல்வான். அவனும் மாமனாரும் கோப்பையோடு நிற்கும் போட்டோக்கள் மாமனார் வீட்டு ஹாலில் வரிசையாகத் தொங்குகின்றன. பல் டாக்டருக்கு எப்போதும் வாய்ப்பது அதற்கு நேர் எதிர் சோபா.

"கடைசிக் குழிய யார் நல்லா முடிக்கிறீங்களோ, அவங்கதான் இந்த வருஷம் என் ஜோடி," என்று மாமனார் காலையிலேயே சொல்லிவிட்டார்.

தன் பந்து எது என்று தெரிவதற்காக ஆடுகிறவர்கள் அதில் பேனாவால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வார்கள். சகலை நீலக்கோடு போடுவான். பல் டாக்டரும் ஒரு காலத்தில் குட்டியாக ஒரு கடைவாய்ப்பல் வரைந்துகொண்டிருந்தவர்தான். முழுகப்போகிற பந்துக்கு அலங்காரம் எதற்கு என்று வெறுத்துப்போய் நிறுத்திவிட்டார். மாமனாருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. "என் கம்பெனி பேரே அச்சடிச்சிருக்கு, அதுக்கு மேல என்ன அடையாளம்?" என்பார். அந்தப் பந்துகளைத்தான் மாப்பிள்ளைகளுக்கும் பெட்டி பெட்டியாகக் கொடுப்பார்.

சகலை முதலில் அடித்தான். பந்து எதிர்க்கரையில், குழியில் நட்டிருந்த கொடிக்குச் சற்று எட்டத்தில் விழுந்தது. அடுத்து மாமனார். சாயங்கால வெயில் ஏரியில் பட்டுக் கண் கூசியதில் அவர் பந்து எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. "தாண்டிடுச்சு, தாண்டிடுச்சு," என்று அவரே சொல்லிக்கொண்டு முழங்காலைத் தேய்த்தபடி கிளப்பின் பேட்டரி வண்டியில் உட்கார்ந்தார். சகலைக்கு போன் வந்தது.

பல் டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தார். பந்து போனது. போய்க்கொண்டே இருந்தது. கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். கொடிக்குப் பின்னால் விழுந்து, மேட்டிலிருந்து மெதுவாக உருண்டு இறங்கி, குழிக்குப் பக்கத்தில் நின்றது.

"மாமா! பார்த்தீங்களா?"

மாமனார் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். சகலை முதுகைக் காட்டிக்கொண்டு யாருக்கோ ஏதோ பாலிசியை விளக்கிக்கொண்டிருந்தான்.

எதிர்க்கரைக்குப் போனால் சகலையின் நீலக்கோட்டுப் பந்தைத் தவிர இரண்டு பந்துகள். ஒன்று மணல் பள்ளத்தில் பாதி புதைந்திருந்தது. இன்னொன்று குழிக்கு ஒரு சாண் தூரத்தில். இரண்டிலும் ஒரே கம்பெனிப் பெயர். பல் டாக்டர் வாயைத் திறப்பதற்குள் மாமனார் விறுவிறுவென்று போய்க் குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்த முழங்காலோடு அவ்வளவு வேகம்!

"பாத்தீங்களா? வயசானாலும் கை மறக்கல."

"மாமா, அது என்னோடது."

"உங்களோடதா?" மாமனார் சிரித்தார். "மாப்பிள்ளை, நீங்க ஏரியத் தாண்டினதே பெரிய விஷயம். மணல்ல பாருங்க."

"நான் கண்ணால பார்த்தேன் மாமா. பின்னாடி விழுந்து உருண்டு வந்துச்சு."

"அடையாளம் ஏதாவது போட்டிருக்கீங்களா?"

அடையாளம் போடாத இன்னொருவரல்லவா கேட்கிறார்! மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள்; மாமனாருக்கும் அதே குடம்தான் போலிருக்கிறது.

சகலை தொண்டையைக் கனைத்தான். "விதிப்படி பார்த்தா, எது யாரோடதுன்னு நிரூபிக்க முடியலன்னா ரெண்டு பந்தும் தொலைஞ்சதாத்தான் கணக்கு. திரும்பப் போய் அடிக்கணும் சகலை."

குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம். ஆனால் விதி அதுதான். பல் டாக்டருக்கும் தெரியும்.

மாமனார் கால் வலி என்று ஒதுங்கிக்கொண்டார். பல் டாக்டர் மட்டும் ஏரியைச் சுற்றித் திரும்பி நடந்தார். புதுப் பந்து ஒன்றை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, வேர், குழி எல்லாம் சரியாக இருக்க, ஒரு கடைவாய்ப்பல் வரைந்தார். மை காயும்வரை ஊதினார். அடித்தார்.

எதிர்க்கரைக்கு வெகு முன்னாலேயே தண்ணீர் தெறித்தது.

அதோடு முடிந்தது. சகலை சாவகாசமாகப் பந்தைக் குழியில் தள்ளி இந்த வருடத்துக்கும் ஜோடியானான்.

பேட்டரி வண்டிகள் நிறுத்துமிடத்தில், சகலை பைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனதும் மாமனார் பல் டாக்டரின் தோளில் கை வைத்தார்.

"அது உங்க பந்துதான், மாப்பிள்ளை."

பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"என்னோடது மணல்ல விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கொடிகிட்ட நான் போட்டு எத்தன வருஷமாச்சு தெரியுமா? ஒரு தடவ அங்க நின்னு பார்க்கணும்னு தோணிடுச்சு." கையை எடுத்துக்கொண்டார். "வீட்ல சொல்லிடாதீங்க. சின்ன மாப்பிள்ளைகிட்டயும்."

கத்த வேண்டும் போலிருந்தது. மட்டைப் பையையே ஏரியில் எறிய வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்ததும் எதுவும் வரவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கிளப் வாசலில் மனைவி காத்திருந்தாள். கணவனின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

"என்னங்க, ஏரியிலதானே?"

மாமனார் கார் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஏரியிலதான்," என்றார் பல் டாக்டர்.