கொட்டியது திரும்பி வந்த வீடு

1964ஆம் வருஷம் மகன் ஜீவரத்தினம் பிறந்ததிலிருந்து, சித்தூர் மிஷன் காம்பவுண்டில் தனராஜ் வாத்தியார் வீட்டுக் குப்பை எங்கே கொட்டினாலும் வீட்டுக்கே திரும்பி வந்தது. காலையில் பெருக்கித் தள்ளியதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் கூடத்து மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெங்காயத் தோல், முட்டை ஓடு, பல் போன சீப்பு, காலண்டரில் கிழித்துப்போட்ட தேதித்தாள், எதுவும் பாக்கியில்லை. வாத்தியாரின் மனைவி கிருபாபாய் முதலில் பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டுப் பேச்சை நிறுத்தினாள். பிறகு வாத்தியார் எல்லாவற்றையும் கோணியில் கட்டி, சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் நீவா ஆற்றில் கொட்டினார். அவர் வந்து சேருவதற்குள் குப்பை வந்து சேர்ந்திருந்தது; ஆற்று மணல் கொஞ்சம் கூடுதலாக ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். எரித்தால் சாம்பல் வந்தது, புகையும் வந்து உத்தரத்தடியில் தங்கியது. முனிசிபாலிட்டி மேஸ்திரி பார்த்துவிட்டு, இது எங்கள் இலாகாவில் வராது, உங்கள் போதகரைக் கேளுங்கள் என்றார். போதகர் ஜெபம் பண்ணி, காப்பி குடித்துவிட்டுப் போனார். மூலை நிரம்பியதும் கிருபாபாய் பெரிய பிரப்பங்கூடை ஒன்றை வாங்கி வைத்தாள். ரேஷன் கடை வரிசைக்குப் பழகியதுபோலக் காம்பவுண்டு இதற்கும் பழகிக்கொண்டது.

பழக முடியாதது பையனுக்கு நடந்ததுதான். ஒரு வயது வரை மற்ற குழந்தைகள் மாதிரியே இருந்தான். பிறகு வயிறு பானையாக உப்பியது, நாக்கு தடித்தது, விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன. கற்ற சொற்களை ஒவ்வொன்றாகத் தொலைத்தான். அக்கா தபீதாள் கிட்டே வந்தால் மட்டும் முகம் மலரும். வாத்தியார் கூட்டிப்போகாத ஆஸ்பத்திரி இல்லை. எங்கே போனாலும் டாக்டர்கள் கையை விரித்தார்கள்.

வாத்தியாரின் தங்கை லோயிஸ் அப்போது திருப்பதியில் செல் உயிரியல் ஆராய்ச்சியில் இருந்தாள். எலி ஈரலிலேயே வருஷங்களைக் கழித்தவள். தன் அண்ணன் மகனுக்கு வந்தது என்னவென்று எலியைக் கேட்டால் தெரியாது என்று 1970இல் அவளுக்குத் தோன்றிற்று. அவன் முழங்கைத் தோலில் கடுகளவு எடுத்துப்போய்ப் போத்தலில் வளர்த்தாள். செல் என்பது ஒரு வீடு என்றால், லைசோசோம் அதன் குப்பைக்குழி. பழசெல்லாம் அங்கே போய் மக்கிக் கரையும். மக்கவைக்கும் என்சைம்களில் ஒன்று பிறவியிலேயே இல்லையென்றால் எதுவும் மக்காது. குழி நிரம்பி வீங்கி, வீட்டில் ஆள் இருக்க இடமிருக்காது. பையனின் செல்களில் குழிகள் அப்படித்தான் வீங்கிக் கிடந்தன. லோயிஸ் மைக்ராஸ்கோப்பின் உருப்பெருக்கத்தைக் கூட்டினாள். ஊதா நிறக் குழம்புக்கு நடுவே வெங்காயத் தோல் தெரிந்தது. சீப்பின் பல் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதித்தாள், சிவப்பு எண்ணோடு, மடங்கிக் கிடந்தது. துறைத் தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கட்டுரையில காலண்டர வரஞ்சிடாதம்மா, நல்லாயிருக்காது" என்றார். சிதையாத பொருள் என்று எழுதினாள். அது பொய்யும் இல்லை.

எந்த என்சைம் இல்லை என்பதையும் மறுவருஷம் கண்டுபிடித்துவிட்டாள். கால் தரையில் பாவாமல் பஸ் ஏறிச் சித்தூருக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். வாத்தியார் முழுவதையும் கேட்டார்.

"மருந்து இன்னா?"

"மருந்து இல்லண்ணே. இந்த ஒலகத்துலயே இன்னும் யார்கிட்டயும் இல்ல."

"அப்ப இன்னாத்துக்கும்மா கண்டுபுடிச்ச?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். லோயிஸ் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். சாகும்வரை அதை இறக்கிவைக்கப்போவதில்லை.

1972 மழைக்காலத்தில் ஜீவரத்தினம் செத்துப்போனான். அடக்கம் முடிந்து வந்த மறுநாள் கிருபாபாய் தேதித்தாளைக் கிழித்து வாசலில் எறிந்தாள். அது அங்கேயே கிடந்தது. பொழுது சாயும்வரை நனைந்துகொண்டு கிடந்தது. கல்லறைத் தோட்டத்தில் அழாதவள் அதைப் பார்த்துத்தான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். மூலைக் குப்பையை ஒரே நடையில் அள்ளிப் போட்டார்கள். காலிக்கூடை பரணுக்குப் போனது.

அதற்குப் பிறகு லோயிஸ் சொந்தத்தில் ஒருவரை விடாமல் ரத்தம் எடுத்தாள். வாத்தியார் மாமன் மகளைக் கட்டியவர். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அந்த என்சைம் பாதிதான் இருந்தது. பாதித் துடைப்பத்தை வைத்துக்கொண்டும் வீட்டைப் பெருக்கிவிடலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால்தான், துடைப்பமே இல்லாத பிள்ளை நாலில் ஒன்று பிறக்கும். தன் ரத்தத்திலும் பாதிதான் என்று பார்த்த அன்று, பேசி முடித்திருந்த தன் கல்யாணத்தை லோயிஸ் நிறுத்தினாள். மாப்பிள்ளையும் சொந்தம்தான், அவனுக்கும் பாதிதான். அவன்மேல் அவளுக்கு ஆசை இருந்தது. திருப்பதித் தெருக்களில் முடி கொடுத்துவிட்டு மொட்டைத் தலையில் சந்தனத்தோடு போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்த ஊரில் விட்டுவிட்டுப் போவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று வயிறெரிந்தாள்.

1983இல் தபீதாளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, மாமன் மகன் சுந்தர்சிங் இருந்தான். கிருபாபாயின் அண்ணன் பிள்ளை, திருப்பதியில் பாங்கி வேலை, உரிமைக்காரன். அவனை விட்டு வெளியே கொடுத்தால் அண்ணன் வீட்டு வாசற்படி மிதிக்க முடியாது. லோயிஸ் ஓடிவந்தாள். பெண்ணுக்கும் பாதி, பையனுக்கும் பாதி, வேண்டாம் என்றாள்.

"நாலுல ஒண்ணுன்னு நீதானே சொன்ன?" என்றார் வாத்தியார். "அந்த ஒண்ணத்தான் நாங்க குடுத்துட்டோமே. பாக்கி மூணும் நல்லபடியா வரும்."

"அப்டி இல்லண்ணே. ஒவ்வொரு வாட்டியும் புதுசா நாலுல ஒண்ணு."

"கர்த்தர் அப்டியா பண்ணிக்கினு இருப்பாரு? ஒரே ஊட்ல ரெண்டு தபா கேக்க மாட்டாரு."

பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷர் அவர். பிள்ளையைப் பறிகொடுத்த கணக்கு வேறு. அதில் ஏற்கெனவே கட்டியது கழியும் என்று நம்பாவிட்டால் அவர் எப்படிக் காலையில் எழுந்து முகம் கழுவுவார்?

கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். வழக்கத்துக்குக் கேட்பதுதான், அந்தச் சபையில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. மூன்றாம் ஞாயிறு லோயிஸ் எழுந்து நின்றாள். "எனக்குத் தெரியும் ஐயா" என்று ஆரம்பித்து, குழியும் துடைப்பமுமாக எல்லாவற்றையும் சொன்னாள். விசிறி ஆட்டிய கைகள்கூட நின்றன. போதகர், யார் யாரைக் கட்டக்கூடாது என்கிற முறைப் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எழுதியிருக்கிற தடை எதுவும் இது இல்லியேம்மா" என்று வருத்தத்தோடு சொல்லி உட்காரவைத்தார். எட்டாத பழம் புளிக்கும்தானே என்று பெண்கள் வரிசையில் ஒருத்தி சொன்னாள். கிருபாபாய் திரும்பிப் பார்க்கவில்லை. தபீதாள் மட்டும் வெளியே வந்து, "எனுக்கு அவரத்தான் அத்த புடிச்சிகினு இருக்குது, நான் இன்னா பண்ணட்டும்?" என்று அழுதாள். கல்யாணம் நடந்தது, பிரியாணி நன்றாக இருந்தது.

அடுத்த வருஷம் தபீதாள் தாய்வீட்டுக்கு வந்து ஆண்பிள்ளை பெற்றாள். கொழுகொழுவென்று, வீடு அதிர அழுகிற பிள்ளை. வாத்தியார் காம்பவுண்டு முழுக்கச் சர்க்கரை கொடுத்துக்கொண்டு திரிந்தார். பிறந்த அமளியில் வீடு பெருக்காமலே கிடந்த அன்றைக்கே லோயிஸ் திருப்பதியிலிருந்து வந்து, பிள்ளையைத் தூக்கி, முகத்தையும் விரல்களையும் பார்த்தாள். பிறந்த குழந்தையில் எதுவும் தெரியாது என்பது அவளுக்கே தெரியும். ரத்தம் எடுக்கும் சாமான் கைப்பையில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. தபீதாளுக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்து, தோலை எடுத்துப்போய், காம்பவுண்டுச் சுவருக்கு அப்பால் தன் கையாலேயே வீசினாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். வராதே, வராதே என்று கர்த்தரிடம் அல்ல, அந்தத் தோலிடமே கெஞ்சினாள்.

சோறு வடிக்கும் நேரத்தில் தோல் கூடத்து மூலையில் இருந்தது. ஓரத்தில் தெருப் புழுதி.

கிருபாபாய் அடுப்படியிலிருந்து வந்தவள் நின்றுவிட்டாள். கல்யாண ஓலைக்குப் பிறகு நாத்தனாரோடு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சி அண்ணி."

வாசலில் வாத்தியாரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவருக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்று இருவருக்குமே தோன்றியது. கிருபாபாய் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பிரப்பங்கூடையை இறக்கி, முந்தானையால் தூசி தட்டினாள். இரண்டு பேருமாகத் தபீதாளின் கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, மூலையில் கூடைக்கு இடம் விட்டார்கள்.