லாயாங் லாயாங்கில் தூணில்லாத கூரை

மலேசியாவின் ஜோகூரில் உள்ள லாயாங் லாயாங் ஊரில், கிறிஸ்தவச் சபைக் கூடத்தின் நான்கு தூண்களையும் 1964ஆம் ஆண்டு கறையான் தின்று முடித்தது. கூரை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கீழே இடுப்பளவுச் சுவர், நடுவே வெறும் காற்று, மேலே தகரக் கூரை. மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள், சுவருக்கும் கூரைக்கும் நடுவே கம்பு விட்டு ஆட்டினார்கள், சபையார் கொடுத்த தேநீரைக் குடித்தார்கள். கூரை விழுந்தால் என்ன செய்வதென்று சட்டத்தில் இருக்கிறது, விழாவிட்டால் என்ன செய்வதென்று இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வருடம் கோழி விலை ஏறியதைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசினார்கள்.

ஸ்கூடாய் நகரப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற சுபத்திராவுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருந்ததில்லை. இங்கிலாந்து ராஜாவோடும் அவருடைய பிஷப்புகளோடும் ஒத்துப்போகாத ஒரு கூட்டம் நானூறு வருடங்களுக்கு முன் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. கரையில் கால் வைக்கும் முன்பே, எங்களை நாங்களே ஆண்டுகொள்வோம் என்று தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டது. அப்படிப்பட்டவர்களின் சபைகளுக்கு மேலிருந்து யாரும் போதகரை அனுப்ப முடியாது. சபையாரே கூடித் தேர்ந்தெடுப்பார்கள். சபையில் பழகிய பழக்கம் ஊர்க்கூட்டத்துக்குப் போயிற்று. பின்னாளில் அமெரிக்கர்கள் ராஜாவே வேண்டாம் என்று சொன்ன துணிவில் கொஞ்சம் அங்கிருந்து வந்ததுதான். அந்தச் சபைகளின் வழிவந்த மிஷனரிகள் பிற்பாடு யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே எழுத்தர்களாக ஜோகூருக்கு வந்தவர்கள், தகரப்பெட்டியோடு அந்தப் பழக்கத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

1931இல் கூடம் எழும்பியபோது அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, தூணில் உள்ளங்கையை வைத்து, "எனக்குச் சம்மதம்" என்றார்கள். கூட்டமாகச் சொன்னால் செல்லாது. போதகர் நியமனமோ சுவருக்குச் சுண்ணாம்போ, எதுவானாலும் தூணில் கை வைத்துத்தான் முடிவானது. தூண்கள் போன பிறகு, அவை நின்ற வெற்றிடத்தில் கை வைத்தார்கள். காற்றைப் பிடித்துச் சத்தியம் பண்ணுகிறவர்கள் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

ஆனால் முதன்முதலில் கை வைத்தவர்களின் வாரிசுகளுக்கு மட்டுமே அந்த உரிமை. சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஞானஸ்நானம் பெற்று வந்த குடும்பங்கள் இரண்டு தலைமுறையாகப் பின்வாங்குகளில், கடைசி வரிசைப் பெஞ்சுகளில், உட்கார்ந்தன. ஆராதனைப் பாட்டில் பாதி அவர்களுடைய குரல். அவர்களை யாரும் விரட்டவில்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அமெரிக்கக் குடியேற்றத்திலும் சில இடங்களில், சபை ஏற்றுக்கொண்ட ஆண்களுக்குத்தான் ஓட்டு, மற்றவர்கள் வரி மட்டும் கட்டலாம். இதை சுபத்திரா வருடா வருடம் வகுப்பில் கண்டித்துப் பேசியவள். ஞாயிற்றுக்கிழமை முன்வாங்கில் உட்கார்ந்தால் மட்டும் அது அவள் நினைவுக்கு வராது. உபதேசம் எப்போதும் ஊருக்குத்தானே.

வாரிசுகள் சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் கை வைக்க மூன்று பேர்தான் மிச்சம்: சுபத்திரா, அவளுடைய அண்ணன் சாமுவேல் ஏரம்பமூர்த்தி, மெல்போர்னில் இருக்கும் இராசம்மா மாமி. மாமி வாட்ஸ்அப் வழியாகத் தன் சமையலறைச் சுவரில் கை வைத்துச் சம்மதம் சொல்வாள். அப்போதும் கூரை ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை. "எங்கட அப்பா வைச்ச கை அப்பிடி" என்று அண்ணன் மீசையை நீவிக்கொள்வார்.

பழைய போதகர் ஓய்வு பெற்றதும், தன் மகன் லக்ஷ்மனைப் போதகராக்க அண்ணன் முடிவெடுத்தார். சுபத்திராவுக்கு அரைமனதுதான், ஆனாலும் அண்ணனை எதிர்த்துப் பழக்கமில்லாததால் கை வைத்தாள். தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் மூன்று கைகளும் வைத்தாகிவிட்டது. அப்போது பின்வாங்கிலிருந்து புஷ்பவள்ளி எழுந்தாள். தொழிற்சாலையில் சூப்பர்வைசர், ஞாயிறு பள்ளியை வருடக்கணக்காக நடத்துகிறவள்.

"ஐயா, எங்கள யாருமே கேக்கலயே?"

"உங்களுக்கு ஏன் பிள்ளை வீண் சிரமம்? எல்லாம் உங்கட நன்மைக்குத்தானே."

"அப்ப சரி லா, ஐயா" என்று அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு பின்வாங்குகள் காலி. அவர்கள் எல்லோரும் இரண்டு தெரு தள்ளி, தங்களில் ஒருவரான வேலுவின் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கூடிப் பாடினார்கள். அன்று கூரை ஒரு சாண் இறங்கியது. அதற்கடுத்த வாரம் மின்விசிறிகளைக் கழற்ற வேண்டியதாயிற்று. அண்ணன் பக்கத்து ஊரான யோங் பெங்கிலிருந்து லாரி ஜாக்கிகளைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தார். ஜாக்கிகள் தரைக்குள் புதைந்தன. இராசம்மா மாமியை இரண்டு கையையும் வைக்கச் சொன்னார்கள். மாமிக்குத் தோள் வலி வந்ததுதான் மிச்சம். மாவட்ட அலுவலகத்தார் மறுபடி வந்தார்கள். இந்த ஞாயிற்றுக்குள் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாவிட்டால் கூடத்தைப் பூட்டிவிடுவோம் என்றார்கள். தேநீர் குடிக்கவில்லை.

சுபத்திராவுக்குக் குழந்தைகள் இல்லை, கணவனும் போய்விட்டான். தனக்கென்று அவள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே இடம் இந்தக் கூடம். குனிந்தபடி தனியாக உட்கார்ந்து அழுதாள். வேலு வீட்டிலிருந்து ஒத்திகைப் பாட்டு காற்றில் வந்தது. பாட்டு உயர்ந்தபோது தலைக்குமேல் தகரம் லேசாக முனகி, அந்தத் திசைப் பக்கம் ஒரு விரல் உயர்ந்தது. இத்தனை வருடம் கூரையைத் தாங்கியது யார் என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

"அண்ணா, எங்களிட்ட இருக்கிறது மூண்டு கை. இந்தப் பாரத்தை மூண்டு கை தாங்காது."

"அப்பாட விதியை மாத்தச் சொல்லுறியோ?"

"அப்பா தூணை நம்பி வைச்ச விதி. தூண்தான் போயிட்டுதே!"

அவள் வேலு வீட்டுக்கு நடந்தாள். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நின்று, கேட்காமல் விட்டது தப்பு, ஞாயிறு வந்து கை வையுங்கள் என்றாள்.

புஷ்பவள்ளி அவளை நேராகப் பார்த்தாள். "கேட்டா ஆமான்னுதான் சொல்லணுமா, டீச்சர்?"

சுபத்திரா கூடத்தின் திசையைத் திரும்பிப் பார்த்தாள். சம்மதத்தில் நிற்கும் கூரை; மறுப்பு விழுந்தால் தலையிலேயே வந்துவிடாதா? ஆனாலும், "மனசில உள்ளதைச் சொல்லுங்கோ" என்றாள்.

ஞாயிறன்று எல்லோரும் குனிந்துதான் உள்ளே வந்தார்கள். புஷ்பவள்ளி முதலில் போய், மூலையில் தூண் நின்ற வெற்றிடத்தில் உள்ளங்கையை வைத்தாள். "லக்ஷ்மன் தம்பி போதகரா வர்றதுல எனக்குச் சம்மதமில்ல." சுபத்திரா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். தகரம் கிரீச்சிட்டது. கண்ணைத் திறந்தபோது கூரை ஒரு சாண் உயர்ந்திருந்தது. வேலு சம்மதம் என்றார், உயர்ந்தது. வேலுவின் மனைவி சம்மதமில்லை என்றாள், அதற்கும் உயர்ந்தது. எல்லோரும் சொல்லி முடித்ததும் சுபத்திரா லக்ஷ்மனையும் கூப்பிட்டாள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அந்தப் பையனையும் அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. அவன் அப்பாவைப் பார்க்காமல், "எனக்கும் சம்மதமில்ல" என்றான். கூடமே சிரித்தது. கூரை பழைய உயரத்தைத் தாண்டிப் போய் நின்றது.

அடுத்த மாதம், தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவரின் மகன் திருச்செல்வத்தைப் போதகராகத் தேர்ந்தெடுத்தார்கள். அண்ணன் ஏரம்பமூர்த்தி வரமாட்டார் என்றுதான் சுபத்திரா நினைத்திருந்தாள். நல்ல மழையில் நனைந்துகொண்டு வந்தார். மூலைக்குப் போய்க் கையை வைத்து, ஊருக்கே கேட்கும்படி, "எனக்குச் சம்மதமில்லை" என்றார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் கை முன்பே கணக்கில் இருந்த கை; கூரை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவருடைய கண் கலங்கியதை சுபத்திரா பார்த்தாள். பிறகு, ஈரக் குடையை மடக்கி, இல்லாத தூணில் மாட்டிவிட்டு, பின்வாங்கில் வேலுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

இப்போது மழைக்காலத்தில் எல்லோரும் குடையை அங்கேதான் மாட்டுகிறார்கள்.